சாவிக்கொத்தை இறக்கி வைத்துவிட்டு லீவு எடுங்கள்

மனசு சரியில்லை என்று நான் எடுத்த முதல் லீவு ஒன்றரை நாளில் முடிந்துபோனது. ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறினேன். வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் கடையிலிருந்து மூன்று போன். "அக்கா, விருதுநகர் வத்தல் பில்லு எந்த ஃபைல்ல இருக்கு?" மலை ஏறும்போது டவர் போனது, ஒரு மணி நேரம் நிம்மதி. மேலே போய் இறங்கியதும் பதினேழு மிஸ்டு கால். என்னவோ ஏதோ என்று கைப்பையைத் துழாவினால், கடையின் கல்லாப்பெட்டிச் சாவி என்னோடு சேர்ந்து கொடைக்கானல் வந்திருக்கிறது. மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சாவியைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, வந்ததுதான் வந்தோம் என்று உட்கார்ந்து கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மளிகை மொத்தக் கடையில் பதினான்கு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். வீடு அனுப்பானடியில். கணவர், ப்ளஸ் ஒன் படிக்கும் பையன், அத்தை என்று நான்கு பேர். கொடைக்கானல் கூத்துக்கு அடுத்த வருடம் மூன்று வாரம் லீவு எடுத்தேன். அது பலித்தது. அந்த முறை கிளம்பும் முன்னால் என்னிடம் இருந்த சாவிகளை எல்லாம் ஆள் பார்த்து ஒப்படைத்தேன். இரும்புச் சாவி மட்டுமில்லை, கடை வேலை, வீட்டு வேலை, போன், அத்தையின் மாத்திரை டப்பா எல்லாமே அதில் சேர்த்தி. முதன்முதலாக இப்படி லீவு எடுக்க யோசிப்பவர்களுக்காக, என் அனுபவத்தில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கணக்குப் பிள்ளை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அலுப்பா, நோயா?

லீவு கேட்கும் முன் செய்ய வேண்டியது இது. நம் ஊரில் யாரும் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போவதில்லை. படபடப்பு, நெஞ்சடைப்பு, வாயு, கிறுகிறுப்பு என்றுதான் போவோம். நானும் எட்டு மாதம் வாயுவுக்குத்தான் மாத்திரை விழுங்கினேன். இ.சி.ஜி. இரண்டு தடவை எடுத்தார்கள், இரண்டும் சரியாக இருந்தது. ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு டாண் என்று முழிப்பு வரும். ஒரே பக்கத்தை மூன்று முறை கூட்டினால் மூன்று தொகை வரும். கீழவாசலில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும்போது எந்தக் காரணமும் இல்லாமல் கண்ணில் தண்ணீர் கொட்டும். பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். காமராஜர் சாலையில் தூசிக்குப் பஞ்சமில்லை, அதனால் நம்புவார்கள்.

முதலில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே போய் இதை இப்படியே சொல்லுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்க்கச் சொல்வார்கள். இவற்றில் ஏதாவது கோளாறு இருந்தாலும் சோர்வும் எரிச்சலும் மனச்சோர்வு போலவே வரும். எனக்கு ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையே பாதி அலுப்பை எடுத்துவிட்டது. மீதிப் பாதி போகவில்லை.

அந்த மீதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே கிடப்பது, பிடித்த விஷயம்கூடப் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் அதை வெறும் அலுப்பு என்று விடக்கூடாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதுரையில் இவரையும் "நரம்பு டாக்டர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மூளை நரம்பு டாக்டர் வேறு, மனநல மருத்துவர் வேறு. போர்டைப் பார்த்துப் போங்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர், மாத்திரை எழுதுவார். உளவியலாளரும் கவுன்சலரும் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர்கள், மாத்திரை எழுத மாட்டார்கள். சிலருக்கு ஒன்று போதும், சிலருக்கு இரண்டும் வேண்டும்.

எங்கே போவது? பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுக்க வேண்டும். காத்திருப்பு உண்டு, கட்டணம் இல்லை. நான் அங்கேதான் போனேன். யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று முக்காடு போடாத குறையாக உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் அதே மாதிரி குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம். மதுரையில் 1992 முதல் மனநலத்துக்காகவே நடக்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற எண்ணில் பேசலாம். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை இது.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வாழ்ந்து என்ன பிரயோசனம், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்துகொண்டிருந்தால், இந்தக் கட்டுரையில் இதற்குக் கீழே இருக்கும் எதையும் இப்போது படிக்க வேண்டாம். லீவு, பஸ், மலை எல்லாம் பிறகு. வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் மாத்திரைகளையும், தோட்டம் துரவு உள்ளவர்கள் பூச்சிமருந்தையும், அந்த ஆளிடமே கொடுத்து வேறு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். 14416 இருக்கிறது, சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக நடக்கும் சினேகா அமைப்பின் 044-24640050 இருக்கிறது. அவசரமென்றால் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உங்கள் வீட்டில் வேறு யாராவது அப்படிப் பேசினாலும் இதேதான். "சும்மா பேசுது" என்று விட்டுவிடாதீர்கள்.

தேதி குறிப்பது

எத்தனை நாள்? டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் மூன்று நாள் என்பது லீவே இல்லை. உடம்பு ஓய்வுக்குத் தயாராவதற்கே நான்கைந்து நாள் ஆகிறது. அதே சமயம், எப்போது திரும்பப் போகிறோம் என்ற தேதி இல்லாத லீவும் ஆபத்து. நாள் ஆக ஆக, திரும்பிப் போக வேண்டுமே என்ற பயமே ஒரு நோயாகிவிடும். ஒரு தேதியை எழுதிவையுங்கள். தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டு நீட்டிக்கொள்ளலாம்.

உங்கள் தொழிலில் எந்த நாள் நெருக்கடியோ அதைத் தாண்டியதும் தொடங்குங்கள். எனக்கு மாதம் 11-ம் 20-ம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் தேதிகள். அதனால் 21-ஆம் தேதி தொடங்கினேன். மூன்று வாரம் என்றால் கடைசியில் ஒரு 11 வரும். "அதுக்கு மட்டும் ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார் முதலாளி. இந்த "ஒரு எட்டு" இருக்கிறதே, அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். ஒரு நாள் போக வேண்டும் என்றால் அதற்கு முன் நான்கு நாள் அதே நினைப்பாக இருக்கும். அந்த மாதத்து வேலையை ஆடிட்டர் ஆபீஸ் பொறுப்பில் விடச் சொன்னேன். கொஞ்சம் பணம் கொடுத்தார், வேலை முடிந்தது.

அப்புறம், சித்திரைத் திருவிழா சமயத்தில் ஓய்வு என்று வீட்டில் உட்காராதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மதுரையில் வீடிருக்கிற யாருக்கும் ஓய்வு கிடையாது, சொந்தக்காரர்கள் எல்லாம் நம் வீட்டில்தான் இறங்குவார்கள்.

உரிமையும் காசும்

கடை கண்ணியில் வேலை பார்க்கும் நம் மாதிரி ஆட்களுக்கு லீவே கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1947-ஆம் வருடத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. அது போக நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். எடுக்காத விடுமுறையை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். நான் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போகவில்லை. ஆனால் தெரிந்து வைத்திருந்ததால் கேட்கும்போது குரல் நடுங்கவில்லை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறதென்றால், இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்று கொடுக்கும் நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம் வாங்கலாம். வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். தனியார் டாக்டர் சீட்டு வைத்துக்கொண்டு அங்கே போனால் வேலை ஆகாது. ஆரம்பத்திலிருந்தே இ.எஸ்.ஐ. வழியாகப் போய்விடுவது நல்லது. அரசு வேலைக்காரர்களுக்கு மருத்துவ விடுப்பு விதி தனியாக இருக்கிறது, உங்கள் ஆபீஸ் கிளார்க்குக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லாத தினக்கூலிக்கு இதில் எதுவும் கைக்கு வருவதில்லை. அவர்களுக்கு மூன்று வாரம் ஓய்வெடுங்கள் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. வாரம் ஒரு நாளை உண்மையிலேயே விட்டுவிடுவதும், பெரியாஸ்பத்திரி ஓ.பி.யும், 14416-ம் அவர்களுக்கும் உண்டு.

லீவுக்கு முன்னால் ஒரு தாளில் அந்த மாதம் கட்ட வேண்டியதைத் தேதியோடு எழுதுங்கள். பைக் தவணை, நகைக் கடன் வட்டி, சீட்டு, மகளிர் குழுத் தவணை, பால் கார்டு, பையன் டியூஷன். சம்பளம் பாதியாக வந்தால் எது நிற்கும், எது நிற்கக்கூடாது என்று கோடு போடுங்கள். கோடு போட்டுப் பார்த்தால் பயந்த அளவுக்கு இருக்காது. எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் துண்டு விழுந்தது. அதற்காகவா ஆறு மாதம் தள்ளிப்போட்டேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

யாரிடம் எவ்வளவு சொல்வது

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "உடம்பு சரியில்லை, இத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்" என்றால் போதும். 2017-ஆம் வருடத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சிகிச்சை விவரத்தை நம் அனுமதியில்லாமல் டாக்டரும் ஆஸ்பத்திரியும் வெளியே சொல்லக்கூடாது. விலக்குகள் மிகச் சில. அதே சட்டம், மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்கிறது. பாலிசி வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள்.

என் முதலாளி நல்ல மனுஷர்தான், ஆனாலும் கேட்டார். "மூணு வாரமா? என்ன தாயி, ஆப்பரேசனா?"

"ஆப்பரேசன்னா விடுவீங்கள்ல முதலாளி? அப்படி நெனச்சுக்கங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, சாவிய யார்ட்ட குடுக்கப் போற?" என்றார். அவருக்கும் அதுதான் கவலை.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். கணவரிடம் முழுதும் சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய், மறுநாள் காரணமே இல்லாமல் அரைக்கிலோ அல்வா வாங்கி வந்தார். அத்தையிடம் பாதி சொன்னேன். "ஏம்மா, நல்லாத்தானே இருக்கே? யார் கண்ணு பட்டுச்சோ. கோடாங்கிட்ட ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவமா?" என்றார். (மறுபடியும் ஒரு எட்டு!) நான் மறுக்கவில்லை. போனோம், விபூதி போட்டார், எலுமிச்சம்பழம் கொடுத்தார், அத்தைக்கு நிம்மதி. என் கொள்கை இவ்வளவுதான்: விபூதியும் மாத்திரையும் ஒன்றாக இருக்கட்டும், மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும் அங்கே மறுபடி போவதில்லை. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் கொண்டுபோய் விடப்பட்டு, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்துக் காப்பகத்தில் தீயில் கருகிப்போனதை நம் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க முடியாது. இன்று யாரையும் அப்படிச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

அக்கம்பக்கத்துக்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள். "ரத்தம் கம்மியா இருக்குன்னு ஓய்வு எடுக்கச் சொல்லிருக்காங்க." எனக்கு அது பொய்யும் இல்லை.

ஒப்படைப்பு நோட்டு

இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இடது பக்கம் வேலை, வலது பக்கம் ஆள், அடியில் "மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது" என்று ஒரு வரி. அந்த அடி வரியில் உங்கள் பெயர் வரவே கூடாது. எனக்கு முதல் தடவை எழுதியபோது பதினொரு இடத்தில் என் பெயரே வந்தது. பதினொன்றையும் அடித்துவிட்டு வேறு பெயர் தேட இரண்டு நாள் ஆனது.

என் கொத்தில் மூன்று சாவி. கல்லாப்பெட்டி முதலாளியின் மகனுக்கு, பில் பீரோ உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு, கிடங்குச் சாவி சரக்கு பார்க்கும் அண்ணனுக்கு. கொடுத்தபோது கை லேசாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் வயிற்றைப் பிசைந்தது. நான் இல்லாமல் கடை ஓடிவிட்டால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற பயம்.

இரும்புச் சாவியைவிடப் பெரிய சாவி ஓ.டி.பி. ஜி.எஸ்.டி. தளத்துக்கும் பேங்குக்கும் ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இது நிறையக் கடைகளில் இருக்கும் கதை. லீவுக்கு ஒரு வாரம் முன்பே எண்ணை முதலாளி பெயருக்கு மாற்ற வைத்தேன். மாற்றாமல் கிளம்பியிருந்தால் காசி ராமேஸ்வரம் போனாலும் ஆறு இலக்கம் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.

அடுத்து ஒத்திகை. லீவுக்கு முன் ஒரு நாள் முழுக்கக் கடையில் இருந்துகொண்டே எதையும் தொடாமல், தராசுப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். யார் என்ன கேட்டாலும் "நோட்டைப் பாரு". நோட்டில் இல்லாத கேள்வி மூன்று வந்தது. பழைய பாக்கி வைத்திருக்கும் ஒரு மேலூர்க் கடைக்காரருக்குச் சரக்கு போடலாமா என்பது அதில் ஒன்று. மூன்றையும் எழுதிச் சேர்த்தேன். அந்த ஒரு நாள் பிற்பாடு முப்பது போனைத் தடுத்திருக்கும்.

வீட்டுக்கும் இதே நோட்டுதான், பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதினேன். அத்தையின் பிரஷர் மாத்திரை காலை ஒன்று, சர்க்கரை மாத்திரை இரண்டு வேளை. குழாய்த் தண்ணீர் வரும் நாள். ரேஷன். கேஸ் சிலிண்டர் எண். பையனுக்கு வியாழக்கிழமை சீக்கிரம் சாப்பாடு கட்ட வேண்டும். பெண்களுக்கு ஒரு விஷயம் கறாராகச் சொல்கிறேன்: லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தால், "சும்மாதானே இருக்கே" என்று பரணைச் சுத்தம் செய்வதிலிருந்து ஊறுகாய் போடுவது வரை வந்து சேரும். கடை வேலையை விட்டுவிட்டு வீட்டு வேலையை இரட்டிப்பாக்கினால் அது இடமாற்றம்தான், ஓய்வாகாது. முதல் வாரம் சமையல் என்னுடையதில்லை என்று முன்கூட்டியே பேசினேன். காலை இட்லி கடையில். மதுரையில் இட்லிக்கும் நாலு வகைச் சட்னிக்கும் பஞ்சமா என்ன? மதியம் அத்தையும் கணவரும் பார்த்துக்கொண்டார்கள். சாம்பாரில் உப்பு கூடியது. வாயைத் திறக்கவில்லை.

போனைப் பற்றி. பழைய பட்டன் போனில் ஒரு சிம் போட்டு, அந்த எண்ணைக் கணவர், பையன், அம்மா மூன்று பேருக்கு மட்டும் கொடுத்தேன். பெரிய போன் மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும். சொந்தக்காரர்கள் குரூப், தெரு குரூப், பள்ளித் தோழிகள் குரூப் எல்லாவற்றையும் ஊமையாக்கினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. குட் மார்னிங் பூக்களுக்குப் பதில் போடாவிட்டால் உலகம் ஒன்றும் நின்றுவிடுவதில்லை.

முதல் நான்கு நாள்

எதுவும் செய்யாதீர்கள். தூங்குங்கள். யோகா வகுப்பு, புதுப் பழக்கம், டைரி எழுதுவது எல்லாம் அப்புறம் பார்க்கலாம். இரண்டாவது மூன்றாவது நாளில் அலுப்பு கூடின மாதிரி இருந்தது எனக்கு. தலைவலி, காரணமில்லாத அழுகை. இத்தனை நாள் கட்டிப்பிடித்து வைத்திருந்த உடம்பு கையை விடுகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாளிலிருந்து ஒரே ஒரு சட்டம்: எப்போது படுத்தாலும் எழுந்திருப்பது ஒரே நேரத்தில். எனக்கு ஐந்தே முக்கால். நான்கு மணிக்கு மேல் காப்பி, டீ கிடையாது. இது மதுரையில் கஷ்டமான சட்டம். நடுராத்திரியில் டீயும் பரோட்டாவும் கிடைக்கும் ஊரில் தூக்கத்தைக் காப்பாற்றுவது தனித் திறமை. வீட்டுக்காரர் பத்து மணிக்கு மேல் கொத்துப் பரோட்டா பார்சலோடு வந்தால், நாளைக்குச் சாப்பிடுகிறேன் என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

மாத்திரை எழுதியிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். ஆரம்பத்தில் வயிற்றுப் புரட்டலும் தூக்கக் கலக்கமும் வரலாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றும்போதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டுக்கும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

வெளியே இறங்குவது

காலை ஆறு மணிக்குத் தெப்பக்குளம். ஏழு மணிக்கு மேல் மதுரை வெயிலில் நடந்தால் மனம் தெளிவதற்குப் பதில் மயக்கம் வரும். குளத்தைச் சுற்றி நடப்பவர்கள், சுவரில் உட்கார்ந்து அரசியல் பேசும் பெரியவர்கள், நடுவில் மைய மண்டபம். முதல் நாள் ஒரு பக்கம் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் நான்கு பக்கமும். வேகம் முக்கியமில்லை, காலை வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். ராத்திரித் தூக்கம் அதிலிருந்துதான் சரியாகத் தொடங்குகிறது.

பகலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாதென்றால் இரண்டு இடம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இருக்கும் காந்தி மியூசியம், மரநிழலும் அமைதியும் உள்ள இடம். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், ஏ.சி.யில் யாரும் எதுவும் கேட்காமல் மாலை வரை உட்காரலாம். நான் படிக்கக்கூட இல்லை, ஒரு படப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் கீழக்குயில்குடி போனோம். சமணமலை அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில். படியேறினால் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள், ஆயிரம் வருடத்துக்கு மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பாதி மலைதான் ஏறினேன். மீதியை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன். தனியாகப் போக வேண்டாம், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள். அழகர்கோவிலும் நல்லதுதான், நூபுர கங்கைக்குப் போகும் மலைப்பாதை நிழலாக இருக்கும். கையில் பழப்பை மட்டும் வேண்டாம், குரங்குகளிடம் எந்தப் பேச்சுவார்த்தையும் நடக்காது.

இவ்வளவும் சொன்னாலும், என்னை உண்மையில் தேற்றியது பக்கத்து வீட்டுத் திண்ணை. அந்த அக்கா கூலிக்குப் பூத் தொடுப்பவர். ஒரு மத்தியானம் சும்மா போய் உட்கார்ந்தேன், கொஞ்சம் மல்லிகை மொட்டை என் பக்கம் தள்ளினார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நனைத்த நாரில் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. என் முடிச்சு முதலில் நழுவியது. நாரை இழுத்துப் பிடிக்காமல், மொட்டின் காம்பை விரலால் அழுத்திக்கொண்டு சுற்ற வேண்டுமாம். அரை மணியில் ஒரு முழம் வந்தது, கோணல்மாணலாக. பதினான்கு வருடமாக எண்ணிக்கொண்டே இருப்பவள் நான். இங்கேயும் நான்கு நான்காக எண்ணுகிறேன், ஆனால் எதையும் கூட்டிக் கீழே எழுத வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் விடிகாலை மூன்று மணி முழிப்பு வராமல் தூங்கினேன். உங்களுக்குப் பூ இல்லாமல் வேறு ஏதாவது இருக்கலாம். கைக்கு வேலை இருக்க வேண்டும், அதற்கு மார்க் போட ஆள் இருக்கக்கூடாது.

திரும்பிப் போகும் நாள்

திங்கட்கிழமை சேராதீர்கள். வியாழன் அல்லது வெள்ளி சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் ஞாயிறு வந்துவிடும். முதல் மூன்று நாள் மதியம் வரைதான் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். போன முதல் மணி நேரத்தில் பழைய பில்களைப் புரட்டித் தப்புக் கண்டுபிடிக்க உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். இரண்டு தப்பு இருந்தது, இரண்டும் ஐம்பது ரூபாய்க்குள். உதவிக்கு இருக்கும் பெண் முகம் சுருங்கிப்போனதுதான் மிச்சம்.

டாக்டர் சொன்ன அடுத்த தேதியை, வேலை கூடிவிட்டது என்று தள்ளிப்போடாதீர்கள். நான் ஓ.பி. போகும் அன்றைக்குக் கடைக்கு அரை நாள் லீவு, முதலாளி கேட்பதில்லை. மறுபடி விடிகாலை முழிப்பு தொடர்ந்து நான்கைந்து நாள் வந்தால், நோட்டை எடுத்து எது என் பெயருக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஏதாவது ஒன்று வந்திருக்கும்.

கல்லாப்பெட்டிச் சாவியும் பீரோச் சாவியும் என்னிடம் திரும்பி வந்தன. கிடங்குச் சாவியை அண்ணன் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் அவர் வர லேட்டானால், எதிர்க்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு வெளியே நின்று குடித்துக்கொண்டிருப்பேன்.